கோர்ட்டு கலையிற வரைக்கும்

இப்படி நல்லா சாஞ்சு உக்காருங்கம்மா. பையை நான் மடியில வச்சுக்கிறேன். கொஞ்சம் உடம்பு போட்டுட்டேன், அதான் உங்களை இடிக்குது. போன தைக்கு என்னைப் பாத்திருந்தீங்கன்னா இந்த பஸ் சீட்டுல மூணு பேர் உக்காந்திருக்கலாம், அப்படி இருந்தேன். எல்லாம் கவலைம்மா. சில பேரு கவலை வந்தா மெலிவாங்க, சில பேருக்கு ஊதும். எனக்கு ஊதிருச்சு.

என்ன கவலைன்னு கேக்க மாட்டீங்களா? கேக்காட்டியும் சொல்லத்தான் போறேன். என் மகன் ஜெயில்ல இருக்கான். பாருங்க, தள்ளி உக்காருறீங்க. நீங்க நினைக்கிற மாதிரி ஆளு இல்லம்மா அவன். திருடுனான், கஞ்சா வித்தான், அந்தக் கதையெல்லாம் கிடையாது. அடுத்தவங்க பொருளுக்கு ஆசைப்பட்டவங்க எங்க வம்சத்துலயே இல்ல. கோவம் வந்தா கை நீட்டிருவான், அவ்வளவுதான். அவங்க அப்பாவும் அப்படித்தான். மனசு தங்கம். போய்ச் சேந்துட்டாரு, இப்ப அவரைப் பத்தி என்ன.

இப்ப மதுரையில பெரிய வக்கீலைப் பாக்கத்தான் போறேன். ஐகோர்ட்டுல அப்பீல் போடணும். இன்னிக்குள்ள நான் வந்து ஒரு கையெழுத்துப் போட்டாத்தான் தேதிக்குள்ள சேருமாம். இல்லாட்டி அவன் அஞ்சு வருசமும் உள்ளதான் கிடக்கணும்னு சொல்லிட்டாரு. போன வாரமே வரச் சொன்னாரு. வந்தேன், வராம இல்ல. பாதி வழியில, கேஸ் அடுப்பை அணைச்சோமா இல்லையான்னு ஒரு சந்தேகம் வந்துருச்சு, இறங்கித் திரும்பிட்டேன். அதுக்கு முந்தின தடவை அவரு ஆபீஸ் வாசலுக்கே போயிட்டேன். வக்கீலு சாப்பிடப் போயிருக்காரு, இப்ப வந்துருவாருன்னு அங்க இருந்த பொண்ணு சொல்லுச்சு. சாப்பிடுற மனுசனை எதுக்கு அவசரப்படுத்தணும்னு வந்துட்டேன்.

மகன் பேரு சோணைமுத்து. குட்டியானை லோடு வண்டி ஓட்டுறான். சொந்த வண்டி. எங்க தெருவுல செல்வராணின்னு ஒருத்தி இருக்கா, இட்லி மாவு அரைச்சு விக்கிறவ. புருசன் இல்ல, ஒத்தை ஆளா நின்னு கிரைண்டரையும் பாத்து யாவாரத்தையும் பாப்பா. பொய் சொல்லக்கூடாது, அவ மாவு ரெண்டு நாளானாலும் புளிக்காது. இவன் அவ கடை வாசல்லதான் வண்டியை நிப்பாட்டுவான். எங்க வாசல்ல வேப்பமரம், காக்கா எச்சம் போட்டுத் தொலைக்குது. புது பெயிண்டு அடிச்ச வண்டிம்மா. அவ, 'வண்டியை எடுப்பா, எடுப்பா'ன்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்கா, மாவு வாங்க வர்றவங்களுக்கு வழி இல்லையாம். ஒருநாள் காலையில, நல்ல கூட்ட நேரம், நாலு பேர் முன்னாடி, 'உனக்கு ஒரு தடவை சொன்னா உறைக்காதா'ன்னு கேட்டுட்டா.

நாலு பேர் முன்னாடி கேக்கலாமா? ஆம்பளைப் புள்ள. தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்ல. அவன் வண்டியில கிடந்த ஜாக்கிக் கம்பியை எடுத்துட்டான். அவ தலையை மறைச்சுக் கையைக் குடுத்தா, கையில பட்டுருச்சு. பட்டுருச்சுன்னுதான் சொல்லணும். ரெண்டாவது அடியும் மூணாவது அடியும் அந்த வேகத்துல போட்டது, அதைக் கணக்குல சேக்கக்கூடாது. வலது கையில எலும்பு நொறுங்கிருச்சுன்னு பெரியாஸ்பத்திரியில கம்பி வச்சுக் கட்டுனாங்க. இப்பவும் விரல் மடங்காது. ஆனா இடது கை நல்லாத்தான் இருக்கு. அதுலதான் மாவை அள்ளிப் போடுறா. கொஞ்சம் சிந்துது, மத்தபடி யாவாரம் நடக்கத்தான் செய்யுது. கோர்ட்டுல போயி 'என் கை போச்சு'ன்னு சொன்னா என்ன அர்த்தம்? ஒரு கைன்னுல்ல சொல்லணும்.

இதுல எனக்கு என்ன மனவருத்தம்னா, அன்னிலேருந்து அவ எனக்கு மாவு குடுக்கறதை நிறுத்திட்டா. தூக்குச் சட்டியோட போயி நிக்கிறேன், பின்னாடி வந்தவங்களுக்கெல்லாம் குடுக்குறா, என்னைக் கண்டுக்கவே இல்ல. நான் என்னம்மா பண்ணேன்? நானா அடிச்சேன்? மனுசின்னா ஒரு பெருந்தன்மை வேண்டாமா? இப்ப பக்கத்துத் தெருவுல வாங்குறேன், வாயில வைக்க விளங்கல, ஒரே புளிப்பு.

கேசு நடந்துச்சு. எங்க ஊரு வக்கீலு ஒருத்தரைப் புடிச்சோம். வயசு கம்மி, ஆனா விவரமான ஆளு. அவரு சொன்னாரு, 'அம்மா, பாத்த சாட்சி அத்தனை பேரு இருக்காங்க, குத்தம் நிரூபணம் ஆயிரும். அதுல ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா தண்டனை எவ்வளவுங்கிறது ஜட்ஜு கையில. குடும்பஸ்தன், பொண்டாட்டி புள்ளை இருக்கு, இவன் உள்ள போனா அதுங்க தெருவுல நிக்கும்னு காட்டணும். அப்ப மனசு இரங்கும். உங்க மகன் கட்டப்பிரம்மச்சாரியா வந்து நிக்கிறான், நான் என்னத்தைச் சொல்றது'ன்னாரு.

அவ்வளவுதான், நான் புடிச்சுக்கிட்டேன். அந்த ஆவணியிலயே பொண்ணு பாத்துட்டேன். உசிலம்பட்டிப் பக்கம், நாகஜோதின்னு பேரு, பன்னெண்டாவது படிச்ச புள்ள. வெள்ளந்தியான குடும்பம். மாப்பிள்ளை மேல ஏதோ கேசு இருக்கிறதாக் கேள்விப்பட்டோமேன்னு அவங்க அப்பா கேட்டாரு. இடத் தகராறுன்னு சொன்னேன். பொய்யா? வண்டி நிப்பாட்டுற இடத் தகராறுதான? எந்த வீட்டுலதான் இடத் தகராறு இல்லன்னு அவரே சொல்லிட்டு வெத்தலை மாத்திட்டாரு. கல்யாணத்துக்கு வக்கீலு வந்தாரு. மொய் எழுதிட்டு என் காதுல, 'சீக்கிரம் நல்ல சேதி சொல்லுங்க'ன்னு சொல்லிட்டுப் போனாரு. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாரு, ஆனா எனக்கு விளங்கிருச்சு.

அதுக்கப்புறம் வாய்தாவா வாங்குனாரு பாருங்க. அவருக்குக் காய்ச்சல், அவரு மாமியாருக்குக் காய்ச்சல், ஃபைலைக் காணோம், என்னென்னமோ சொன்னாரு. நாகஜோதி முழுகாம இருக்கான்னு தெரிஞ்சதும் போன் போட்டேன். 'இன்னும் வயிறு தெரியட்டும்மா, சேலை கட்டுனா பளிச்சுன்னு தெரியணும்'ன்னாரு. கெட்டிக்காரரு. அந்தப் புள்ளைக்கு எதுக்குக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்னே தெரியாது. வீட்டுக்காரருக்குத் துணையா வான்னு சொன்னேன், வந்துச்சு.

தீர்ப்பு சொல்ற அன்னிக்கு முன் வரிசையில அவளை உக்கார வச்சோம். குத்தவாளின்னு சொல்லிட்டு ஜட்ஜய்யா இவனைப் பாத்து, தண்டனை பத்தி எதுவும் சொல்லணுமான்னு கேட்டாரு. இவன் சொல்லிக் குடுத்த மாதிரியே, அப்பா இல்ல, வயசான தாயி, மாசமா இருக்குற சம்சாரம், என்னை நம்பித்தான் இருக்காங்கன்னு சொல்லிட்டு அழுதான். நிசமாவே அழுதாம்மா. எனக்கே ஆச்சரியமாப் போச்சு. வக்கீலு, 'நிறைமாசம் நெருங்குதுய்யா'ன்னு கையைக் காட்டுனாரு. ஜட்ஜய்யா கண்ணாடியைத் தூக்கிவிட்டு நாகஜோதி வயித்தைப் பாத்தாரு. அவ வெக்கப்பட்டு முந்தானையை இழுத்து மூடப் பாத்தா, நான் கையைப் புடிச்சுக்கிட்டேன்.

அப்ப பின் வரிசையில இருந்து செல்வராணி எந்திரிச்சா. 'அய்யா, நான் ஒண்ணு சொல்லணும்'னா. டவாலி, 'உன் சாட்சியம்தான் முடிஞ்சுபோச்சே, உக்காரும்மா'ன்னு சொல்லிட்டாரு. சரிதான? அவங்கவங்க முறை வரும்போது பேசணும். கோர்ட்டு என்ன மாவுக்கடையா?

என்ன தண்டனை குடுத்தாருங்கிறீங்க? கோர்ட்டு கலையிற வரைக்கும். உங்களுக்கும் புரியலயா? எனக்கும் மொதல்ல புரியல. ஜெயிலுக்குப் போக வேண்டியதில்ல. அபராதம் கட்டிட்டு, சாயங்காலம் ஜட்ஜு எந்திரிச்சுப் போற வரைக்கும் கோர்ட்டுக்குள்ளயே உக்காந்திருக்கணும். அதான் தண்டனை. ஆனா லேசா நினைக்காதீங்க. அன்னிக்குப் பாத்து அங்க ஃபேன் ஓடல, என் மகனுக்கு வேர்த்து ஊத்திருச்சு. மத்தியானம் நான் ரெண்டு தடவை ஜிகர்தண்டா வாங்கியாந்து குடுத்தேன். எதிர் பெஞ்சுல அந்தச் செல்வராணியும் சாயங்காலம் வரைக்கும் உக்காந்து இவனையே பாத்துக்கிட்டு இருந்தா. அவளை யாரு இருக்கச் சொன்னா? அவளுக்கா தண்டனை? கடையைத் தொறந்து நாலு யாவாரமாவது பாத்திருக்கலாம்.

கருப்பசாமிக்கு நேந்திருந்தேன், மறுநாளே பொங்கல் வச்சு தெருவுக்கெல்லாம் குடுத்தேன். மனசுல எதுவும் வச்சுக்காம அவளுக்கும் ஒரு தட்டு கொண்டு போனேன். ஷட்டரை இறக்கிட்டா. சாமி பொங்கல்மா அது. அதைக்கூட வாங்க மாட்டேங்கிறாளேன்னு எனக்கு அழுகையே வந்துருச்சு.

அதோட விட்டாளா? ஒத்தைக் கையை வச்சுக்கிட்டு கலெக்டர் ஆபீசு, அந்த ஆபீசு, இந்த ஆபீசுன்னு அலைஞ்சு, இந்தத் தண்டனை பத்தாதுன்னு சர்க்காரையே அப்பீல் போட வச்சுட்டா. அது நடக்கறதுக்குள்ள நாகஜோதிக்குப் பையன் பிறந்துட்டான், தவழ ஆரம்பிச்சுட்டான். வீட்டுல சின்னச் சின்ன சண்டை இருக்கும், இல்லைங்கல. குழம்புல உப்பு இல்லன்னா தட்டு பறக்கும். சில நாளு தட்டோட நிக்காது. ஆனா மறுநாளே பொரோட்டாவும் சால்னாவும் அவனே வாங்கியாந்து போடுவான், அதை யாரு சொல்றா? அடிச்சதை மட்டும் எல்லாரும் சொல்றாங்க.

அப்பீலு ஜில்லாக் கோர்ட்டுல, ஒரு ஜட்ஜம்மா முன்னாடி வந்துச்சு. வக்கீலு, புள்ளையோட மருமகளைக் கூட்டிட்டு வந்துருங்கன்னாரு. அவளுக்குக் கண்ணுக்குக் கீழ கன்னிப்போயி இருந்துச்சு, பவுடரைப் போட்டு நான்தான் சரி பண்ணிவிட்டேன். நல்ல கதர்ச் சட்டை போட்டு இவனும் வந்தான். நம்ம வக்கீலு எந்திரிச்சு அருமையாப் பேசுனாரு. இவனை உள்ள அனுப்புனா இந்த இளம்பொண்ணும் கைக்குழந்தையும் தெருவுல நிக்கும்னாரு. பேசிக்கிட்டு இருக்கும்போதே அந்த ஜட்ஜம்மா கையைக் காட்டி நிறுத்துனாங்க. 'அந்தப் பொண்ணு இங்கதான இருக்கு. அதையே கேட்டுருவோம்'னாங்க.

யாருமே எதிர்பாக்கலம்மா. கேக்குறது வழக்கமே இல்லையாம், வக்கீலு அப்புறம் சொல்லி வருத்தப்பட்டாரு. வயித்தைக் காட்டுறதுக்குத்தான் ஒரு தடவை கூட்டிட்டு வந்தோம், புள்ளையைக் காட்டுறதுக்குத்தான் இன்னொரு தடவை. பேசுறதுக்கா? பேசணும்னு முன்னாடியே சொல்லியிருந்தா நான் சொல்லிக் குடுத்திருக்க மாட்டேனா? அவ புள்ளையை என் கையில குடுத்துட்டு எந்திரிச்சு நின்னா. ரொம்ப நேரம் பேசல. சரி, பயந்துட்டா, தப்பிச்சோம்னு நினைச்சேன். அப்புறம் சொன்னா பாருங்க, 'அம்மா, இவரு இல்லாட்டி நாங்க தெருவுல நிக்க மாட்டோம். இவரு வீட்டுல இருக்குற அன்னிக்குத்தான் நானும் புள்ளையும் தெருவுல நிக்கிறோம்'னா.

அதோட நிறுத்துனாளா? 'என்னை விடுங்க, எங்க அத்தையைக் கேளுங்க, அவங்களுக்கு முன்பல்லு ரெண்டும் எப்படிப் போச்சுன்னு'ன்னு என்னைக் கை காட்டிட்டா. பாத்ரூம்ல வழுக்கி விழுந்ததும்மா இது. அவகிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கேன். ஜட்ஜம்மா திரும்பி, 'அப்படியாம்மா?'ன்னு என்னைப் பாத்துக் கேட்டாங்க. கையில புள்ளை. எல்லாரும் என்னையே பாக்குறாங்க. எனக்கு என்னமோ ஆயிருச்சு. பாத்ரூம்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கிட்டேன். அவ்வளவுதான். அதைப் போயி அந்தம்மா எழுதிக்கிட்டாங்க. வாயைப் பொத்துனதுல எழுத என்ன இருக்கு?

அப்புறம் செல்வராணியையும் கூப்பிட்டுக் கேட்டாங்க. அவ கையைப் பத்தி அழுது புலம்புவான்னு பாத்தேன், அதெல்லாம் பேசல. 'அன்னிக்குச் சாயங்காலம் கோர்ட்டு கலைஞ்சதும் இவரு என் கடை வழியாத்தான் வண்டியில போனாரு. என்னைப் பாத்து ஹாரன் அடிச்சுட்டுப் போனாரு. இப்பவும் தினமும் அடிக்கிறாரு'ன்னா. இது ஒரு குத்தமாம்மா? வண்டி ஓட்டுறவன் ஹாரன் அடிக்காமப் போவானா? அஞ்சு வருசம்னு எழுதிட்டாங்க அந்தம்மா. அங்கனயே போலீசு கையைப் புடிச்சுருச்சு. கூட்டிட்டுப் போகும்போது என் மகன் திரும்பிப் பாத்தான் பாருங்க ஒரு பார்வை. நாகஜோதியைப் பாக்கல, செல்வராணியைப் பாக்கல. என்னைத்தான் பாத்தான். வாயை அசைச்சு என்னமோ சொன்னான். எனக்குக் கேட்டுச்சு, கேக்காத மாதிரி நின்னுட்டேன்.

நாகஜோதி புள்ளையை வாங்கிக்கிட்டு அங்கேருந்தே பஸ் ஏறி அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டா. மாத்துச் சேலைகூட எடுக்க வரல. நெஞ்சழுத்தக்காரி. நான்தான் துணிமணியை மூட்டை கட்டிக் கொண்டுபோய்க் குடுத்தேன், பேரனைப் பாக்கணும்ல. அது இப்ப என்கிட்ட வருது, மடியில ஏறி விளையாடுது. முன்னாடியெல்லாம் கதவை டமார்னு சாத்துனாலே வீறிட்டு அழும், அந்த வீட்டுக் காத்து ஒத்துக்கல போல. அவ டீ போட்டுக் குடுத்தா, சாப்பிட்டுப் போங்க அத்தைன்னா. எப்படித்தான் மனசு வந்து சிரிக்கிறாளோ தெரியல. நானும் சாப்பிட்டுட்டு ரெண்டு நாளு இருந்துட்டுத்தான் வந்தேன்.

ஆனா வீடு வெறிச்சோடிப் போச்சும்மா. யாருக்குச் சமைக்கிறது? எனக்குப் புடிச்சதை வச்சுக்கிறேன், தட்டுல போட்டு டிவி முன்னாடி உக்காந்து சாப்பிடுறேன். உப்புக் கூடுனா கூடிட்டுப் போகுதுன்னு விட்டுர்றேன். படுத்தா விடிஞ்சுதான் முழிக்கிறேன். ஆஸ்பத்திரியில பிரஷர் பாத்துட்டு அந்த டாக்டர் பொண்ணு, 'என்ன பாட்டி, இப்படிக் குறைஞ்சிருச்சு, என்ன செஞ்சீங்க?'ன்னு கேக்குது. ஒண்ணும் செய்யலம்மா, மகன் ஜெயிலுக்குப் போயிட்டான், அந்த வேதனைதான்னு சொன்னேன். அது என்னமோ ஒரு மாதிரிப் பாத்துச்சு. படிச்ச புள்ளைகளுக்குப் பெத்த மனசு எங்க புரியுது?

இந்த மதுரை வக்கீலு என்ன சொல்றாருன்னா, மருமகளைக் காட்டுறது இனிமே ஆகாது, அந்தக் கதை கெட்டுப்போச்சு. இனி உங்களைத்தான் காட்டணும்கிறாரு. வயசான தாயி, நோயாளி, ஒரே மகன், அவன் இல்லாம சோறு தண்ணி இல்லாமக் கிடக்காங்கன்னு எழுதி வச்சிருக்காராம். கையெழுத்து மட்டும் என்னோடது. மொத தடவை என்னைப் பாத்ததும் அவருக்கு முகமே விழுந்துருச்சு. 'என்னம்மா, கன்னமெல்லாம் இப்படி மினுமினுன்னு இருக்கு? ஜட்ஜு முன்னாடி வரும்போது கொஞ்சம் வாட்டமா வாங்க'ன்னாரு. நான் எங்க போறது வாட்டத்துக்கு? அதுவா வரணும்ல.

என்னைக் காட்டுனாப் போதுமா, கேப்பாங்களான்னு அவர்கிட்டக் கேட்டேன். ஐகோர்ட்டுல அப்படியெல்லாம் கேக்க மாட்டாங்கன்னாரு. ஜில்லாக் கோர்ட்டுலயும் கேக்க மாட்டாங்கன்னுதான சொன்னாங்க. அங்கயும் ஒரு ஜட்ஜு இருந்துக்கிட்டு, ஏம்மா, உன் மகன் வீட்டுக்கு வரணுமான்னு கேட்டுட்டா என்ன பண்றது? சொல்லிருவேன். பெத்த தாயி வேற என்னத்தைச் சொல்லுவா? வரணும்யான்னு சொல்லிருவேன். வீட்டுல வேலை செஞ்சுக்கிட்டே சொல்லிப் பாத்தேன், நல்லாத்தான் வந்துச்சு. கண்ணாடி முன்னாடி நின்னு சொன்னாத்தான் இந்தப் பல்லு ரெண்டும் இல்லாதது தெரியுது, பேச்சு குழறுது. அதான் யோசனையா இருக்கு. மத்தபடி ஒண்ணும் இல்ல.

என்னம்மா? கோர்ட்டு ஸ்டாப்பா? ஆமா, இதான். அந்த மஞ்சக் கட்டடத்துக்கு மேல்மாடியிலதான் அவரு ஆபீசு. சன்னல் தொறந்துதான் இருக்கு, இருக்காரு போல. அட, விசில் குடுத்துட்டாரு. பேச்சுவாக்குல விட்டுட்டேன் பாருங்க. நீங்க எதுக்கு எந்திரிக்கிறீங்க, உக்காருங்க. அய்யே, கண்டக்டரைக் கூப்பிடாதீங்கம்மா. அவரு இனிமே எங்க நிப்பாட்டப் போறாரு.

நிப்பாட்டிட்டாரே. நல்ல மனுசன், வயசானவங்கன்னா நிப்பாட்டுறாரு. யாரு இறங்கணும்னு கேக்குறாரு. எல்லாரும் திரும்பி என்னையே பாக்குறாங்க.

யாரும் இறங்கலய்யா. ரைட் குடுத்துப் போ.